மாத்திரை இல்லாத இரண்டு வாரம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வயிறு நீங்கலாக இங்கு நான் நலம். மலை உச்சி வானிலை நிலையத்தில் நீயும், உன் அடுப்பும், உன் கையால் சாப்பிடும் பதினான்கு பேரும் நலமா?

அண்ணா, உட்கார்ந்து படி. இரண்டு செய்தி. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து குதித்திருக்கின்றன.

முதலாவது: ஆற்று முகத்துவாரத்தில் ஆறு வருடமாகக் கட்டிய ரயில் பாலம் முடிந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி திறப்பு. முதல் பயணிகள் ரயிலை ஓட்டப்போவது யார்? உன் தங்கை! அறிவிப்புப் பலகையில் என் பெயர் முதலில், எனக்குப் பதில் ஆள் தேவைப்பட்டால் என்று ஹாரனின் பெயர் இரண்டாவதாக. ஹாரன் என்று நாங்கள் பெயர் வைத்த டிரைவரை உனக்குத் தெரியும். அவர் ரகசியம் பேசினால் அடுத்த பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். என்னைக் கட்டிப்பிடிக்காத குறையாக, "அடிச்சிட்டம்மா!" என்று கத்தினார். ஷெட்டில் மொத்தப் புறாவும் பறந்தது.

இரண்டாவது: டிசம்பரில் இன்ஜினிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். அதிலிருந்து ரத்தம் கசிந்து கசிந்துதான் மயக்கம். டாக்டரம்மா படபடவென்று பேசுகிறவர். "கோபமும் இல்ல, காரமும் இல்லம்மா. உள்ள ஒரு கிருமி வருஷக்கணக்கா குடியிருக்கு. பதினாலு நாள்ல காலி பண்ண வெச்சிடலாம்" என்றார். கிருமியின் பெயர் ஹெச். பைலோரி. என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை இருக்கிறாரே, அவர் வாயில் அது 'பைலட்' ஆகிவிட்டது. "வீட்டுல ரெண்டு டிரைவர் எதுக்கு? ஒருத்தரை இறக்கி விடு" என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சிரிக்கிறார்.

ஒரு நிபந்தனை உண்டு. கிருமி போய்விட்டது என்று சோதனைத் தாள் வரும்வரை ஆள் ஏற்றிய ரயிலைத் தொடக் கூடாது என்று ரயில்வே டாக்டர் எழுதிவிட்டார். யார்டில் காலிப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். போகட்டும். ஜூனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது!

அப்பாவின் வயிற்றைக் கோபம் தின்றது என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? டாக்டரம்மா பேசும்போது எனக்கு அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

உடனே எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் சுகம். ரேடார் மட்டும் ஜலதோஷத்தில் இருக்கிறது. உன் வயிற்றைத் தனியாக விசாரித்ததாகச் சொல்.

சாமான் வண்டி இன்றுதான் ஏறி வந்தது. உன் கடிதத்தை உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தே படித்தேன். படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் வானிலைக்காரர்கள் எல்லாரும் ஏதோ புயல் கிளம்பிவிட்டதென்று ஓடி வந்தார்கள். "என் தங்கச்சி பாலத்துல ரயில் ஓட்டப்போறா!" என்றேன். இன்று மதியம் எல்லோருக்கும் இரண்டு முட்டை.

ரேடியோவில் பேசலாம் என்று நிலையத் தலைவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அதில் உன் வயிற்றைப் பற்றிப் பேசினால் மலையடிவாரம்வரை கேட்கும். நமக்குக் கடிதமே போதும்.

இங்கே முதலுதவி பார்ப்பவரிடம் உன் பைலட்டைப் பற்றிக் கேட்டேன். "அந்தக் கிருமி அமிலத்துலயே குடித்தனம் பண்றது. பாதி மருந்துல நிறுத்தினா பலசாலியா திரும்பி வரும். ஒரு வேளை கூட விடக்கூடாது" என்றார். எனவே என் உத்தரவு: ஒரு வேளை கூட விடாதே. சமையல்காரன் சொல்கிறேன், அடுப்பைப் பாதியில் அணைத்தால் எதுவும் வேகாது.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பிறகு பேசுவோம்.

உன் அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணா,

நலம், நலம், மூன்று முறை நலம்! நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முடித்துவிட்டேன்! பதினான்கு நாள், காலை மாலை, ஒரு வேளை தவறவில்லை. உன் மாப்பிள்ளை துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் சமையலறைக் கதவில் இருபத்தெட்டுக் கோடு போட்டு, மாத்திரை உள்ளே போனதும் ஒவ்வொன்றாக அடித்தார். வாய் முழுக்கப் பழைய சாவியைச் சப்பியது போல ஒரு கசப்பு. தண்ணீர் கூடக் கசந்தது. யார்டில் என் முகத்தைப் பார்த்த ஹாரன், "என்னம்மா, பிரேக் ஆயிலைக் குடிச்சிட்டியா?" என்றார்.

ஆனால் எரிச்சல் குறைந்திருக்கிறது அண்ணா. நேற்று ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டேன். பாலத்தின் வரைபடமும் கொடுத்துவிட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் லேசான வளைவு. காற்று எவ்வளவுக்கு மேல் அடித்தால் ரயிலை நிறுத்த வேண்டும் என்பதுவரை மனப்பாடம். என்ன கேட்டாலும் சொல்வேன்!

அடுத்து ஒரு மூச்சுச் சோதனை. மார்ச் பத்தாம் தேதி. அதில் ஜெயித்தால் தீர்ந்தது.

சுடச்சுடப் பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

உடம்பு எப்படி என்று கேட்க வேண்டியதில்லை, உன் எழுத்தே குதிக்கிறது. நானும் சுகம்.

இருபத்தெட்டுக் கோட்டையும் அடித்த மாப்பிள்ளைக்கு என் சல்யூட். நீ என்னவோ சர்க்கஸில் கயிற்றின்மேல் நடந்து முடித்தவள் போல எழுதியிருக்கிறாய். பாதிதான் நடந்திருக்கிறாய். முதலுதவிக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மருந்து முடிஞ்சு நாலு வாரமாவது கழிச்சுத்தான் மூச்சுச் சோதனை. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அந்த அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையைத் தொடவே கூடாது. அந்த ரெண்டு வாரம்தான் கஷ்டம். எரியும். பல்லைக் கடிச்சுக்கணும்."

டாக்டரம்மா இதைச் சொன்னாரா? சொல்லியிருப்பார். இருந்தாலும் அண்ணன் என்று ஒருவன் இருப்பது இரண்டாம் முறை சொல்லத்தானே.

மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் கல் விழுகிறது. கடிதம் முன்பின் ஆகலாம், கவலைப்படாதே.

உன் அண்ணன்


மார்ச் 14

அண்ணா! அண்ணா! அண்ணா!

இல்லை!

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. 'கிருமி இல்லை' என்று எழுதிய தாள் இதோ என் இடது கையில் இருக்கிறது. வலது கையால் எழுதுகிறேன்.

சோதனையைச் சொன்னால் சிரிப்பாய். ஒரு பையைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பிறகு புளிப்பாக ஒரு தண்ணீர். அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நாற்காலியில். பிறகு இன்னொரு பையில் ஊதல். கிருமி உள்ளே இருந்தால் அந்தத் தண்ணீரில் உள்ளதை உடைத்து மூச்சில் காட்டிக்கொடுத்துவிடுமாம். பை ஊதும்போது லேப் பெண் சொன்னாள், "மெதுவாம்மா, பலூன் கடை இல்ல இது." எனக்குச் சிரிப்பு வந்து பாதி மூச்சு வெளியே போய்விட்டது.

திங்கட்கிழமை ரயில்வே டாக்டர் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை நான் மறுபடி ஆள் ஏற்றிய ரயிலில்! மூன்று மாதத்துக்குப் பிறகு நிஜமான பயணிகள், நிஜமான சிக்னல், பின்னால் கார்டு கொடியசைக்கிறார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தனியாகப் பாடிக்கொண்டே ஓட்டினேன். பாலத்தில் காலி ரயில் பயிற்சி அடுத்த மாதம் தொடக்கம்.

எல்லோருக்கும் இன்னொரு முட்டை போடு. என் கணக்கில்!

உன் தங்கை, முதல் ரயில் டிரைவர்


மார்ச் 26

அன்புள்ள முதல் ரயில் டிரைவருக்கு,

முட்டை போட்டாயிற்று. கூடவே கேக்கும். அடுப்பில் நடுப்பக்கம் குழிந்துவிட்டது, ஆனாலும் தட்டில் மீதமில்லை. நிலையத் தலைவர் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்லித் தேநீரைத் தூக்கினார். நான் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தேன். மிளகு என்று சமாளித்தேன்.

சுகமாக இருக்கிறாய் என்பதில் எனக்குத்தான் அதிக சுகம்.

ஒன்று கேட்கலாமா? உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பை இருக்கிறது, புளிப்புத் தண்ணீர் இருக்கிறது, லேப் பெண்ணின் பலூன் கூட இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் இல்லை. சட்டைப் பொத்தான் தைக்கும்போது விரலில் குத்தினாலே இரண்டு பக்கம் எழுதுகிறவள் நீ. மாத்திரை இல்லாமல் அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிற்று?

சும்மாதான் கேட்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணனுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை நெட்டி முறிக்கிறது. பாலம் அழகு. காலையில் போனால் இரண்டு பக்கமும் தண்ணீர் தகரம் போல மின்னுகிறது. உன் மாப்பிள்ளை எனக்குப் புதுச் சீருடை தைக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை


ஏப்ரல் 22

தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்பதை இந்தத் தடவை முறைக்காக எழுதவில்லை.

உன் எட்டு வரியும் கிடைத்தது. நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. அதனால் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா போவதற்கு ஒன்பது நாள் முன்பு. எனக்குப் பத்தொன்பது, உனக்குப் பன்னிரண்டு. அவர் தபால் பிரிக்கும் அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ரெண்டு நாளா கறுப்பா போகுதுடா, தார் மாதிரி" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "இந்த வாரம் மூட்டை அதிகம். உங்கம்மாகிட்ட சொல்லிடாத, லீவு போட வெச்சிடுவா. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்பா சொன்னார், மகன் கேட்டான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன். அந்தக் கறுப்பு உள்ளே கசிந்த ரத்தம் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

கோபம் அவர் வயிற்றைத் தின்றதோ கிருமி தின்றதோ, எனக்குத் தெரியாது. அவரைக் கொண்டுபோனது அந்த 'ஒண்ணுமில்ல'தான். கூடவே என் வாய்ப்பூட்டும். உன் கடிதத்தில் 'வேறு விசேஷம் இல்லை' என்று படித்ததும் குழம்புக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நீ என்னிடம் சொல்ல வேண்டாம். டாக்டரம்மாவிடம் சொல்.

அண்ணன்


மே 18

அன்பு அண்ணாவுக்கு,

நான் நலமில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுகிறேன்.

ஐந்து மாத்திரை. சோதனைக்கு முந்தைய அந்த இரண்டு வாரத்தில் ஐந்து. முதல் மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் மதியம் யார்டில் எரிச்சல் நெஞ்சுவரை ஏறியது. 'ஒன்றே ஒன்று' என்று போட்டேன். கடைசி மாத்திரை சோதனைக்கு முந்தின நாள். டாக்டரம்மா, "மாத்திரையை நிறுத்தியிருந்தீங்கதானே?" என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை, தலையால் சொன்னேன்.

பிறகு தினமும் போட்டேன், உன் மாப்பிள்ளைக்குத் தெரியாமல், அவர் ஊசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து. ஏப்ரலில் ஒருநாள் இன்ஜின் படி ஏறும்போது கண் இருண்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். பின்னால் ஒன்பது பெட்டி அண்ணா. ஒன்பது பெட்டி நிறைய ஜனம்.

உன் கடிதம் மே ஒன்றாம் தேதி வந்தது. ஜன்னலோரம் நின்று படித்தேன். உன் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

டாக்டரம்மா முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "அந்த மாத்திரை கிருமியைக் கொல்லாதும்மா. அடக்கி வெச்சிடும். சோதனை வர்ற நேரத்துல அது பதுங்கிக்கும், தாள்ல இல்லைன்னு வந்துடும். அதான் நிறுத்தச் சொன்னேன்."

"அப்போ மருந்து கேக்கலையா? நான் ஒரு வேளை கூட விடலை டாக்டர்" என்று அழுதுவிட்டேன்.

"அதுல உங்க தப்பு இல்ல. சில கிருமி சில மருந்துக்கு அடங்காது. அதுக்குத்தான் மறுபடி சோதிக்கிறதே. தெரிஞ்சா வேற மருந்து இருக்கு. தெரியாமப் போறதுதான் ஆபத்து."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது, புதிதாகக் கசிவு இல்லை. மறுபடி இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி மறுபடி பை, மறுபடி ஊதல். நேற்று முன்தினம் முடிவு வந்தது. பைலட் உள்ளேதான் இருக்கிறான்.

மே இரண்டாம் தேதியே அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கண்டிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தார். மறுபடி யார்டு. முதல் ரயில் ஹாரனுக்கு. நானே போய்ச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்: "எனக்கு இப்படி வேணாம்மா." நான்தான் கத்த வேண்டியிருந்தது, "ஒழுங்கா ஓட்டுங்க, அது போதும்!" என்று.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணா. நீ அப்போது சின்னப் பையன். அப்பா சொன்னதைக் கேட்டாய். இப்போது நான் நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இன்று புது மருந்து தொடக்கம். நான்கு வகை. கதவில் புதுக் கோடுகள்!

உன் தங்கை


ஜூன் 1

என் தங்கமே,

சுகமா என்று கேட்கமாட்டேன், சுகமாகிக்கொண்டிருக்கிறாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் பின்னால் போய் நின்றேன். முதலுதவிக்காரர் வந்து, "சோறு அடிப்பிடிக்குது" என்றார். இருபத்திரண்டு வருடமாக அடிப்பிடித்திருந்தது ஒன்று இன்றைக்குத்தான் விட்டது, அவருக்கு எப்படிச் சொல்வேன்?

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டு நான் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. எனக்கும் பல வருடமாக நெஞ்செரிச்சல், உனக்கு எழுதியதில்லை. போன சாமான் வண்டியிலேயே இறங்கிப் போய்ச் சோதனை கொடுத்தேன். முடிவு என்ன தெரியுமா? கிருமி இல்லை! டாக்டர் சின்னப் பையன் போல இருக்கிறார், கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?" சமையல் என்றேன். "ருசி பாக்கறேன்னு நாள் முழுக்கத் தின்னுட்டே இருப்பீங்களோ?" என்றார். பதில் சொல்லவில்லை. வாயில் பிஸ்கட் இருந்தது.

பாலம் எங்கேயும் போய்விடாது. நூறு வருடம் நிற்கத்தானே கட்டியிருப்பார்கள்.

உன் அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

பிஸ்கட் வரியைப் படித்துச் சிரித்ததில் உன் மாப்பிள்ளை தைத்துக்கொண்டிருந்த நூலை அறுத்துவிட்டார். அங்கே எல்லோரும் சுகம்தானே?

மருந்து மே முப்பத்தொன்றாம் தேதியே முடிந்துவிட்டது. சொல்லத் தவறிவிட்டேன். நாக்கு கரி பூசியது போல் கறுத்தது. மற்றதும் கறுத்தது. அதைப் பார்த்ததும் உன் கடிதம் ஞாபகம் வந்து உயிரே போய்விட்டது. அந்த நிமிடமே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "மருந்தோட நிறம்மா அது. நிறுத்தினா போயிடும். ஆனா கேட்டீங்க பாருங்க, அதான் சரி" என்றார். போய்விட்டது.

பத்தாம் தேதி திறப்பு. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். காலை ஏழு மணிக்கே பிளாட்பாரத்தில் நின்றேன்! பூ, கொடி, பேண்டு வாத்தியம். ஹாரன் இன்ஜினிலிருந்து எட்டிப் பார்த்து அத்தனை பேர் நடுவில் என்னை நோக்கி ஒரு சல்யூட் அடித்தார். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ரயில் பாலத்தில் ஏறியதும் கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. அதுவும் பொய் இல்லை.

ஜூன் இருபத்திரண்டிலிருந்து மாத்திரை இல்லாத இரண்டு வாரம். இந்த முறை அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவேன், தயாராக இரு.

உன் தங்கை


ஆகஸ்ட் 5

அன்பு அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். ஒன்றும் நீங்கலாக இல்லை. முழு நலம்!

முதலில் அந்த இரண்டு வாரம். எரிந்தது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ரொம்ப. டாக்டரம்மா அனுமதித்த வெள்ளை மருந்தை மட்டும் குடித்தேன், அதையும் சோதனைக்கு முந்தின நாள் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். மாத்திரை அட்டையை உன் மாப்பிள்ளையிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க" என்றேன். எட்டாம் நாள் கேட்டேன். தரவில்லை. திட்டினேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "திட்டு, அது மாத்திரை இல்ல, தாராளமா எடுத்துக்கோ" என்றார். பத்தாம் நாளுக்குப் பிறகு எரிச்சலே இல்லை அண்ணா. காத்திருந்து காத்திருந்து பார்த்தேன், வரவேயில்லை.

டாக்டரம்மா இந்த முறையும் கேட்டார். "ஒண்ணு கூட இல்ல டாக்டர்" என்று வாயால் சொன்னேன், சத்தமாக. பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஜூலை ஒன்பதாம் தேதி தாள் வந்தது. இல்லை. இந்தத் தடவை நிஜமான இல்லை! டாக்டரம்மா என் கையைக் குலுக்கி, "இனிமே எனக்கு உங்களைப் பாக்க வேணாம்மா, ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்" என்றார். ரத்தம் ஏற இரும்பு மாத்திரை, குழாய் விட்டு ஒருமுறை பார்த்ததில் புண் ஆறிய தழும்பு, ரயில்வே டாக்டரின் கையெழுத்து எல்லாம் வர ஜூலை முடிந்துவிட்டது.

நேற்று முன்தினம், ஆகஸ்ட் மூன்று, காலை 5.40 பாசஞ்சர். பூ இல்லை, கொடி இல்லை, பேண்டு இல்லை. தூங்கி வழியும் ஜனம், காய்கறிக் கூடை, ஒரு சைக்கிள். ஷிப்ட் முடிந்து இறங்கிய ஹாரன் கைப்பிடியைத் துணியால் துடைத்துக் கொடுத்து, "நடுவுல காத்து இடது பக்கம் தள்ளும், கண்டுக்காத" என்று காதில் சொன்னார். எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர் திரும்பி இடது பக்கம் பார்த்தார்.

பாலம் வந்தது. ஐம்பதுக்குக் குறைத்தேன். கரை முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் சக்கரத்தின் சத்தமே மாறுகிறது, தரையில் கரகரவென்று இருந்தது தண்ணீர்மேல் ஆழமாக, உள்ளிருந்து வருவது போல. சூரியன் அப்போதுதான் எழுந்து நேரே முகத்தில் அடித்தது. காற்று இடது பக்கம் தள்ளியது. நான் கண்டுகொள்ளவில்லை. என் கை பிரேக்கில், ஒரு பூனைக்குட்டியைத் தொடுவது போல. கண் தெளிவு, தலை தெளிவு, வயிற்றில் பசி. ஆமாம் அண்ணா, வெறும் பசி! எத்தனை வருடமாயிற்று, பசியைப் பசியாக அறிந்து! நான்கு நிமிடத்தில் அக்கரை.

அடுத்த ஸ்டேஷனில் நின்றதும் ஒரு அம்மா கூடையோடு இன்ஜின்வரை நடந்து வந்தார். என்னை அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, புதுப் பாலம் புதுப் பாலம்னு சொன்னாங்களே, அது எப்ப வரும்?" என்றார்.

"தாண்டிட்டோம்மா" என்றேன்.

"அடப் போம்மா! ஒரு ஆட்டம் கூடத் தெரியலையே" என்று கோபித்துக்கொண்டு போனார்.

உன் கையால் ஒரு தட்டுச் சோறு வேண்டும். லீவு எப்போது?

உன் தங்கை